வீட்டு கம்ப்யூட்டர்ல வைரஸ் சந்தேகமா? முதல்ல பணத்தைப் பாருங்க, கம்ப்யூட்டரை அப்புறம் பாருங்க

எஸ்ஐபி, டேக்ஸ், இன்சூரன்ஸ்னு பேசற இடத்துல இன்னைக்கு வைரஸ் பத்திப் பேசப் போறேன். சம்பந்தம் இருக்கு. நெட் பேங்கிங், டீமேட், இன்கம் டேக்ஸ் போர்ட்டல், பிஎஃப்னு எல்லாத்துக்கும் நாம லாகின் பண்றது பல வீடுகள்ல ஒரே கம்ப்யூட்டர்லதான். அதே கம்ப்யூட்டர்லதான் தம்பி கேம் மோட் டவுன்லோட் பண்றான். அப்பா மெயில்ல வர்ற பிடிஎஃப் எல்லாத்தையும் ஒண்ணு விடாம திறந்து பார்க்கறார்.

ஒரு நாள் ஏதோ சரியில்லைன்னு தோணும். பிரவுசர்ல நீங்க போடாத எக்ஸ்டென்ஷன் இருக்கும். விண்டோஸ் டிஃபெண்டர் தானா ஆஃப் ஆகியிருக்கும். கேட்காத ஓடிபி வரும். "புது டிவைஸ்ல இருந்து உங்க அக்கவுன்ட்ல லாகின்"னு ராத்திரி ரெண்டு மணிக்கு மெயில் வந்திருக்கும்.

அப்ப நம்மள்ல முக்கால்வாசிப் பேர் செய்யறது ஒண்ணுதான். ஒரு இலவச ஆன்டிவைரஸ் இறக்கி, ஸ்கேன் போட்டு, பச்சை டிக் வந்ததும் பெருமூச்சு விட்டுட்டு, அதே கம்ப்யூட்டர்ல அதே பாஸ்வேர்டுல பேங்க் பேலன்ஸ் பார்க்கறது.

இது தப்பான வரிசைன்னு நான் நினைக்கறேன். கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்றது கடைசி வேலை. அதுக்குள்ள இருந்து எதெல்லாம் வெளிய போயிருக்கலாம்னு கணக்கெடுத்து, அதை எல்லாம் செல்லாக்காசு ஆக்கறதுதான் முதல் வேலை. அப்புறம் கம்ப்யூட்டர்கிட்ட வரும்போது ஸ்கேன் மட்டும் போதாது. முழுசா அழிச்சு ரீஇன்ஸ்டால் பண்ணணும். ஏன்னு சொல்றேன்.

திருடன் வந்துட்டுப் போயாச்சு

வைரஸ்னா கம்ப்யூட்டரை ஸ்லோ ஆக்கும், ஃபைலை அழிக்கும்னு நாம காலேஜ் கம்ப்யூட்டர் லேப்ல படிச்சது பழைய கதை. இப்ப அதிகமா புழங்கற ஒரு வகைக்கு இன்ஃபோஸ்டீலர்னு பேர். அது உங்க கம்ப்யூட்டர்ல குடித்தனம் நடத்தணும்னு அவசியமே இல்ல. உள்ள வரும். பிரவுசர்ல சேவ் பண்ணின பாஸ்வேர்டு, ஆட்டோஃபில் விவரம், லாகின் குக்கி எல்லாத்தையும் வாரிச் சுருட்டி அனுப்பும். சில வகைகள் வேலை முடிஞ்சதும் தன்னைத்தானே அழிச்சிட்டுப் போயிடும். அதுக்கப்புறம் ஸ்கேன் போட்டா "எதுவும் இல்லை"ன்னுதான் வரும். பொய் இல்ல, நிஜமாவே இல்லதான். ஆனா வேலை முடிஞ்சிருச்சு.

எவ்வளவு பெருசுன்னு ஒரு உதாரணம். லும்மான்னு ஒரு இன்ஃபோஸ்டீலர். 2025 மார்ச் 16 முதல் மே 16 வரைக்கும், ரெண்டே மாசத்துல, உலகம் முழுக்க 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்கள்ல இது புகுந்திருந்ததா மைக்ரோசாஃப்ட் அறிவிச்சது. அதைப் பரப்பின வழிகள்ல ஒண்ணு ரொம்ப எளிமை. "நான் ரோபோ இல்லை"ன்னு ஒரு போலிப் பக்கம் வரும். நிரூபிக்க விண்டோஸ் கீயும் ஆரும் அழுத்துங்க, அப்புறம் கன்ட்ரோல் வி, என்டர்னு சொல்லும். நாம அழுத்தினா, நம்ம கையாலேயே ஒரு கமாண்டை ஓடவிட்டிருக்கோம். எந்த நிஜமான சைட்டும் இப்படிக் கேட்காது.

இதுல குக்கி விஷயத்தை மட்டும் நல்லா புரிஞ்சுக்கோங்க. ஒரு தடவை லாகின் பண்ணிட்டா அடுத்த தடவை பாஸ்வேர்டு கேட்காம மெயில் திறக்குது இல்லையா? அந்த அனுமதிச் சீட்டுதான் குக்கி. கல்யாண மண்டபத்துல வாசல்ல ஒரு தடவை செக் பண்ணிக் கையில பட்டை கட்டிவிட்ட மாதிரி. அந்தப் பட்டையை இன்னொருத்தன் கழட்டிக் கட்டிக்கிட்டா, அவன்கிட்ட வாசல்ல பாஸ்வேர்டும் கேட்க மாட்டாங்க, ஓடிபியும் கேட்க மாட்டாங்க. "நான்தான் டூ ஃபேக்டர் போட்டிருக்கேனே"ன்னு நிம்மதியா இருக்கறவங்க இதை யோசிங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு கிளையண்ட், 27 வயசு. சந்தேகம் வந்ததும் கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணிட்டார். மெயிலைத் தொடல. மூணு மாசம் கழிச்சு ரிட்டர்ன் ஃபைல் பண்ற நேரத்துல வேற எதையோ தேடப் போய், மெயில் செட்டிங்ஸ்ல ஒரு ஃபார்வர்டிங் விலாசம் இருக்கறதைப் பார்த்தோம். அவர் போட்டது இல்ல. மூணு மாசமா அவருக்கு வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பள ஸ்லிப் எல்லாத்துலயும் ஒரு காப்பி யாருக்கோ போய்க்கிட்டே இருந்திருக்கு. கம்ப்யூட்டர் பளபளன்னு சுத்தம். பிரயோஜனம்?

டவுன்லோட்ஸ் ஃபோல்டர் ஒரு புதையல்

பாஸ்வேர்டு மட்டும் இல்ல. இப்பவே உங்க டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்க. ஃபார்ம் 16, மூணு மாச சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், பான் கார்டு ஸ்கேன், ஆதார் பிடிஎஃப், ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஒரு பர்சனல் லோனுக்கு அப்ளை பண்ணணும்னா என்னென்ன கேட்பாங்கன்னு யோசிங்க. இதே லிஸ்ட்தான்.

பிடிஎஃப்ல பாஸ்வேர்டு இருக்கேன்னு சொல்லாதீங்க. இன்கம் டேக்ஸ் போர்ட்டல்ல இறக்கற ஏஐஎஸ் பிடிஎஃப்க்கு பாஸ்வேர்டு என்ன? சின்ன எழுத்துல பான் நம்பரும், அதோட சேர்த்து பிறந்த தேதியும். அந்த ரெண்டுமே பக்கத்துல இருக்கற பான் கார்டு ஸ்கேன்ல இருக்கு. பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில மாட்டி வெச்ச கதை.

பாஸ்வேர்டை மாத்தலாம், கார்டை மாத்தலாம். பிறந்த தேதியை மாத்த முடியாது. அதனாலதான் "காசு எதுவும் போகல, அதனால பிரச்னை இல்ல"ங்கற வாதத்தை நான் ஒத்துக்கறதில்ல. இன்னைக்குப் போகலன்னா, அவ்வளவுதான் அர்த்தம்.

நாள் எண்ணப்படுது

இப்ப ஒரு ஆடிட்டரா நான் முக்கியமா சொல்ல வேண்டிய இடம். உங்களுக்குத் தெரியாம அக்கவுன்ட்ல இருந்து பணம் போனா யார் பொறுப்புங்கறதுக்கு 2017 ஜூலை 6-ல ரிசர்வ் பேங்க் ஒரு சுற்றறிக்கை போட்டது. அதோட சாராம்சம் இது:

- உங்க தப்பும் இல்ல, பேங்க் தப்பும் இல்ல, மூணாவது ஆளோட வேலைன்னா, பேங்க் மெசேஜ் வந்து 3 வேலை நாளுக்குள்ள புகார் கொடுத்தா உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம்.
- 4-லிருந்து 7 வேலை நாளுக்குள்ளன்னா உங்க பங்குக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய்.
- 7 நாளைத் தாண்டிட்டா, அந்த பேங்க்கோட போர்டு வெச்சிருக்கற பாலிசிப்படிதான்.
- பாஸ்வேர்டைப் பகிர்ந்த மாதிரி உங்க கவனக்குறைவால போச்சுன்னா, நீங்க புகார் கொடுக்கற வரைக்கும் போனது உங்க நஷ்டம். புகார் கொடுத்ததுக்கு அப்புறம் போறது பேங்க்கோட நஷ்டம்.

கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்து பணம் போனா, "இது உங்க கவனக்குறைவு"ன்னு பேங்க் வாதாடலாம். ஆனா வாடிக்கையாளர்தான் பொறுப்புன்னு நிரூபிக்க வேண்டிய சுமையை அந்த சுற்றறிக்கை பேங்க் மேலதான் வெச்சிருக்கு. எப்படி வாதாடினாலும் உங்களைக் காப்பாத்தற விஷயம் ஒண்ணுதான்: புகார் கொடுத்த தேதியும் நேரமும். உங்க பேங்க்கோட இப்போதைய பாலிசி அவங்க வெப்சைட்லயே இருக்கும், ஒரு தடவை படிச்சு வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு. சம்பளக்காரருக்கு இப்படிப் போன பணத்தை சம்பள வருமானத்துல கழிச்சுக் காட்ட வழி கிடையாது. பிசினஸ் பண்றவங்களுக்காவது வாதாட இடம் உண்டு. நமக்கு போனது போனதுதான். டேக்ஸும் கட்டி, அந்தப் பணத்தையும் இழந்து நிற்போம்.

அதனால, சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஆன்டிவைரஸ் மாத்தி மாத்தி ஓட்டிட்டு, "திங்கள்கிழமை பேங்க்குக்குப் போவோம்"னு தள்ளிப் போடறவங்களைப் பார்த்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்.

என்ன வரிசையில செய்யணும்

முதல்ல கம்ப்யூட்டரோட வைஃபையை ஆஃப் பண்ணுங்க, கேபிள் இருந்தா பிடுங்குங்க. இனி எல்லா வேலையும் வேற டிவைஸ்ல, உதாரணத்துக்கு உங்க போன்ல, மொபைல் டேட்டாவுல. சந்தேகப்பட்ட கம்ப்யூட்டர்லயே உட்கார்ந்து பாஸ்வேர்டு மாத்தறது, திருடன் ஜன்னல் வழியா பார்க்கும்போதே புதுப் பூட்டு நம்பரைச் செட் பண்ற மாதிரி.

1. பணம் போயிருந்தா உடனே பேங்க்குக்கு போன். கார்டை பிளாக் பண்ணுங்க, நெட் பேங்கிங்கை முடக்கச் சொல்லுங்க. புகார் எண் வாங்காம போனை வைக்காதீங்க. அடுத்த போன் 1930-க்கு. இது தேசிய சைபர் கிரைம் உதவி எண். சீக்கிரம் சொன்னா, பணம் கைமாறிப் போறதுக்கு முன்னாடி வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்லயும் பதிவு பண்ணுங்க. பேங்க் 30 நாளாகியும் பதில் தரலைன்னா ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம்.

2. மெயில். பணம் போகலைன்னா இதுதான் முதல் வேலை. எல்லா பாஸ்வேர்டையும் ரீசெட் பண்ற லிங்க் வந்து விழற இடம் மெயில்தான். பாஸ்வேர்டு மாத்துங்க. "எல்லா டிவைஸ்லயும் சைன் அவுட்" கொடுங்க, குக்கி செல்லாம போறது இங்கதான். ஃபார்வர்டிங், ஃபில்டர், ரெக்கவரி போன் நம்பர், ரெக்கவரி மெயில் நாலையும் பாருங்க. தெரியாதது இருந்தா தூக்குங்க.

3. பேங்க், கார்டு, டீமேட். பாஸ்வேர்டு, பின் ரெண்டும் புதுசு. நீங்க சேர்க்காத பெனிஃபிஷியரி இருக்கான்னு பாருங்க. கார்டுல வெளிநாட்டு டிரான்ஸாக்ஷனை பேங்க் ஆப்லயே ஆஃப் பண்ணுங்க, வெளிநாட்டு சைட்டுகள்ல பல சமயம் ஓடிபி கேட்கறதில்ல. பிரவுசர்ல கார்டு நம்பர் சேவ் பண்ணியிருந்தா அந்தக் கார்டை மாத்திடுங்க. டிரேடிங் அக்கவுன்ட்டோட ஆன்லைன் லாகினை நாமே தற்காலிகமா முடக்கற வசதியை செபி 2024-ல கொண்டு வந்திருக்கு, உங்க புரோக்கர்கிட்ட கேளுங்க.

4. இன்கம் டேக்ஸ் போர்ட்டல். இதை யாருமே யோசிக்கறதில்ல. பாஸ்வேர்டு மாத்தி, ரீஃபண்ட் வர்ற பேங்க் அக்கவுன்ட், மொபைல் நம்பர், மெயில் எல்லாம் உங்களுதுதானான்னு பாருங்க. இ-ஃபைலிங் வால்ட்னு ஒரு வசதி இருக்கு. அதை ஆன் பண்ணிட்டா பாஸ்வேர்டு தெரிஞ்சாலும், ஆதார் ஓடிபி மாதிரி ரெண்டாவது சோதனை இல்லாம உள்ள போக முடியாது.

5. வாட்ஸ்அப், மெசேஜ். வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ் போய் எல்லாத்தையும் லாக் அவுட் பண்ணுங்க. போன் மெசேஜ் கம்ப்யூட்டர்லயும் தெரியற மாதிரி செட் பண்ணியிருந்தா அதையும் துண்டிங்க. ஓடிபியும் பாஸ்வேர்டும் ஒரே கம்ப்யூட்டர்ல தெரிஞ்சா, ரெண்டு பூட்டு இருந்தும் ஒரு பூட்டுதான்.

6. அடையாளம். ஆதார் பயோமெட்ரிக்கை லாக் பண்ணுங்க. கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும். நாலையும் ஒரே நாள்ல எடுக்காதீங்க. மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு எடுத்தா வருஷம் முழுக்க ஒரு கண்காணிப்பு, செலவு பூஜ்யம். தெரியாத லோன் இருந்தா அந்த கிரெடிட் கம்பெனியிலயும், லோன் கொடுத்த இடத்துலயும் எழுத்துல புகார் கொடுங்க.

7. ஆபீஸ். வீட்டு கம்ப்யூட்டர்ல ஆபீஸ் மெயிலோ விபிஎன்னோ போட்டிருந்தா ஐடி டீம்கிட்ட உடனே சொல்லுங்க. சங்கடமாத்தான் இருக்கும். அவங்களா கண்டுபிடிச்சு உங்களைக் கூப்பிட்டா அதைவிடச் சங்கடமா இருக்கும்.

இப்ப கம்ப்யூட்டருக்கு வருவோம்

பணம் போயிருந்தா, அவசரப்பட்டு அழிச்சிடாதீங்க. அது ஒரு ஆதாரம். திரையை போன்ல போட்டோ எடுத்து வைங்க, மெயில், மெசேஜ் எதையும் டெலிட் பண்ணாதீங்க. அவசரமா கம்ப்யூட்டர் வேணும்னா, பழைய டிஸ்க்கைக் கழட்டி பத்திரமா வெச்சுட்டு, புது எஸ்எஸ்டி போட்டு அதுல இன்ஸ்டால் பண்ணிக்கலாம்.

பணம் போகலைன்னா, முழு ரீஇன்ஸ்டால். "டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் போட்டேன், எடுத்துடுச்சு, போதாதா?" என்ன வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க அது நல்ல வழி. ஆனா எடுத்தது மட்டும்தான் வந்துச்சான்னு யாராலும் உறுதியா சொல்ல முடியாது. எங்க தொழில்ல ஒரு பில் போலின்னு தெரிஞ்சா, அந்த ஒரு பில்லைக் கிழிச்சுப் போட்டுட்டு மீதிக் கணக்கு எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட மாட்டோம். அதே நியாயம்தான் இங்கயும்.

செய்யற முறை: வேற நல்ல கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்தே மீடியா கிரியேஷன் டூல் இறக்கி, 8 ஜிபி பென்டிரைவ்ல விண்டோஸ் ஏத்திக்கோங்க. இன்ஸ்டால் பண்ணும்போது பழைய பார்ட்டிஷனை எல்லாம் அழிச்சிட்டுப் புதுசா போடுங்க. இது கஷ்டமா இருந்தா, செட்டிங்ஸ்ல ரெக்கவரி போய் "ரீசெட் திஸ் பிசி". அதுல "ரிமூவ் எவ்ரிதிங்", அடுத்து "க்ளவுட் டவுன்லோட்". ஒரிஜினல் விண்டோஸ் 10 அல்லது 11 ஓடிட்டிருந்த கம்ப்யூட்டர்னா அதே எடிஷனுக்குப் பொதுவா மறுபடி காசு கொடுக்க வேண்டியதில்ல, நெட் வந்ததும் தானா ஆக்டிவேட் ஆகும்.

நாலு இடத்துல மக்கள் கோட்டை விடறாங்க:

- பேக்கப். ஏற்கனவே நல்ல பேக்கப் டிஸ்க் இருந்தா, அழிச்சு முடிக்கற வரைக்கும் அதை இந்தக் கம்ப்யூட்டர்ல சொருகாதீங்க. பேக்கப்பே இல்லைன்னா போட்டோ, பிடிஎஃப், டாக்குமென்ட் மட்டும் எடுங்க. சாஃப்ட்வேர் செட்டப் ஃபைல், கேம், கிராக் எதையும் எடுக்காதீங்க. எடுத்ததைப் புது விண்டோஸ்ல ஸ்கேன் பண்ணிட்டுத் திறங்க.
- கடைக்காரர். சில நூறு ரூபாய்க்கு ஃபார்மட் பண்ணித் தர்றதுல தப்பில்ல. "ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் ஃப்ரீயா போட்டுத் தர்றேன்"னு சொன்னா மட்டும் வேண்டாம்னு சொல்லிடுங்க. கிராக், ஆக்டிவேட்டர் வழியாத்தான் பல வைரஸ் உள்ளயே வருது. வெளிய அனுப்பினதை வெத்தலை பாக்கு வெச்சு அழைச்ச கதையாயிடும்.
- பிரவுசர் சிங்க். புது விண்டோஸ்ல பிரவுசர்ல சைன் இன் பண்ணினதும் பழைய எக்ஸ்டென்ஷன் எல்லாம் தானா வந்து இறங்கும், அந்த வேண்டாத எக்ஸ்டென்ஷனும் சேர்த்து. சைன் இன் பண்ணினதும் ஒவ்வொண்ணா பார்த்துத் தூக்குங்க.
- பழைய விண்டோஸ். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டோட வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிருச்சு. 11 ஏறாத கம்ப்யூட்டரா? படம் பார்க்க வெச்சுக்கோங்க, பண விஷயம் அதுல வேண்டாம்.

இவ்வளவு தேவையா?

"ஒரு சந்தேகத்துக்கு இவ்வளவு வேலையா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். கம்ப்யூட்டர் ஸ்லோவா ஓடறதுக்கெல்லாம் இதைச் செய்யச் சொல்லல. ஸ்லோன்னா ரேம் குறைவா இருக்கலாம், டிஸ்க் நிறைஞ்சிருக்கலாம். ஆனா தெரியாத லாகின், தானா ஆஃப் ஆன பாதுகாப்பு, நீங்க போடாத எக்ஸ்டென்ஷன், கிராக் ஓட்டினதுக்கு அப்புறம் நடக்கற விசித்திரம் — இதுல ஒண்ணு இருந்தாலும் சந்தேகத்தோட பலனைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்காதீங்க, உங்க பணத்துக்குக் கொடுங்க.

செலவு என்ன? ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு பென்டிரைவ். எதிர்ப்பக்கம் என்ன இருக்கு? எமர்ஜென்ஸி ஃபண்டு, அஞ்சு வருஷ எஸ்ஐபி, உங்க பேர்ல நீங்க வாங்காத லோன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டேர்ம் இன்சூரன்ஸ் பிரீமியத்தை 300 ரூபாய் குறைக்க நாலு சைட் ஒப்பிட்டுப் பார்க்கறோம். அந்த உழைப்புல பாதி இங்க போதும்.

கடைசியா ஒண்ணு, இது டெக்னிக்கல் விஷயம் இல்ல. வீட்ல இந்த மாதிரி நடந்தா நாள் வீணாகறதுக்குப் பெரிய காரணம் பயம்தான். தம்பி கிராக் கேம் போட்டதைச் சொல்ல மாட்டான். அப்பா தெரியாத லிங்க்கை அமுக்கினதைச் சொல்லக் கூச்சப்படுவார். சொல்லத் தயங்கற ஒவ்வொரு நாளும் அந்த 3 வேலை நாள்ல இருந்து கழியுது. அதனால யார் வந்து சொன்னாலும் முதல்ல "நல்லவேளை சொன்னே"ன்னு சொல்லுங்க. திட்டறதுக்கு அடுத்த வாரம் நேரம் இருக்கு, பேங்க்குக்கு போன் பண்ண இன்னைக்குத்தான் இருக்கு.

சந்தேகம் எதுவும் இல்லாதவங்களுக்கும் இன்னைக்குப் பத்து நிமிஷ வேலை இருக்கு. பேங்க்கோட 24 மணி நேர நம்பரையும் 1930-ஐயும் போன்ல சேவ் பண்ணுங்க. பிரவுசர்ல சேவ் ஆகியிருக்கற கார்டு நம்பரையும் பேங்க் பாஸ்வேர்டையும் அழிங்க. டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல கிடக்கற பான், ஆதார், ஃபார்ம் 16-ஐ எல்லாம் ஒரு பென்டிரைவ்ல போட்டு பீரோவுல வெச்சுட்டு, கம்ப்யூட்டர்ல இருந்து டெலிட் பண்ணுங்க. ரீசைக்கிள் பின்னையும் மறக்காம காலி பண்ணுங்க.